2²⁵⁵ − 19: விஷயம் அந்தப் பத்தொன்பதில்தான்

2024 அக்டோபரில் 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கங்கள் கொண்ட பகா எண் ஒன்று பிடிபட்ட செய்தி வந்தது. 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது அது. லூக் டியூரன்ட் என்பவர் கிம்ப்ஸ் என்ற கூட்டுத் திட்டத்தின் வழியாகக் கண்டுபிடித்தார். அருமையான சாதனை. ஆனால் இப்படி ஒரு சாதனை எண் வரும்போதெல்லாம் செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டே வருகிறது: "இத்தகைய பெரிய பகா எண்கள் இணையப் பாதுகாப்புக்கு உதவுகின்றன." கூடவே இன்னொன்றும் வரும்: "பெரிய பகா எண்ணைக் காரணிப்படுத்துவது கணினிக்கே கடினம் என்பதால்தான் நம் செய்திகள் பத்திரமாக இருக்கின்றன." இந்த இரண்டையும் படிக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. பகா எண்ணுக்குக் காரணிப்படுத்த என்ன இருக்கிறது? ஒன்றும் அந்த எண்ணும்தான். கடினமாக இருப்பது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கற்பலனைப் பிரிப்பது. அதற்குத் தேவைப்படுகிறவையும் சுமார் 308 இலக்க எண்கள்தான். 4 கோடி இலக்க எண்ணை எழுதி வைக்கவே 17 மெகாபைட் ஆகும். அதை வைத்து எந்தக் கைப்பேசியும் ஒரு வணக்கத்தைக்கூட மறையாக்கி அனுப்பாது.

நம் கைப்பேசிகள் உண்மையில் நம்பியிருக்கும் பகா எண்களில் ஒன்றை முழுதாகவே இங்கே எழுதிவிடலாம்:

57896044618658097711785492504343953926634992332820282019728792003956564819949

77 இலக்கங்கள். சுருக்கமாக 2²⁵⁵ − 19. இனி இதை 'ப' என்று குறிக்கிறேன். வாட்ஸ்அப், சிக்னல், வயர்கார்டு, ஓபன்எஸ்எஸ்ஹெச், உலாவிகள் பாதுகாப்புக்குப் பயன்படுத்தும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறை என்று எங்கு பார்த்தாலும் இந்த எண் இருக்கிறது. இதில் இரகசியம் எதுவும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே எண், எல்லா நிரலிலும் அப்படியே எழுதப்பட்டிருப்பது. சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டேனியல் பெர்ன்ஸ்டைன் 2006-இல் வெளியிட்ட கர்வ்25519 என்ற நீள்வட்ட வளைவின் பெயரிலேயே 255-ம் 19-ம் உட்கார்ந்திருக்கின்றன. இரகசியம் இருப்பது வேறிடத்தில். அந்த வளைவின் மேல் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தொடக்கப் புள்ளியை (அதன் முதல் ஆயம், அதாவது ஆயத்தொலைவு, 9) உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பெரிய எண் தடவை தன்னோடு கூட்டினால் வருவது உங்கள் பொதுச் சாவி. அந்தச் சாவியிலிருந்து எத்தனை தடவை கூட்டினீர்கள் என்று கண்டுபிடிக்க, இன்று தெரிந்த மிகச் சிறந்த வழிக்கே ஏறத்தாழ 2¹²⁶ படிகள் தேவை. போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி வந்தால் ஷோரின் வழிமுறை இதைத் தகர்த்துவிடும். அதற்காகத்தான் 2024-இல் தரப்படுத்தப்பட்ட எம்எல்-கெம் என்ற புதிய முறையை இதோடு சேர்த்து இரட்டைப் பூட்டாக இப்போது பயன்படுத்துகிறார்கள்.

ஆக, இந்த எண்ணின் மதிப்பு அதன் பிரம்மாண்டத்திலும் இல்லை, அதை ஒளித்து வைப்பதிலும் இல்லை. அது 2-இன் ஓர் அடுக்குக்கு எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது, 8-ஆல் வகுத்தால் என்ன மீதி தருகிறது என்பது போன்ற சின்னச் சின்னக் குணங்களில் இருக்கிறது. பெரிய எண் என்றாலே அளவைத்தான் பேசுகிறோம். அதன் வடிவத்தை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஏன் 19?

வடிவம் எவ்வளவு எளிமையோ அவ்வளவு நல்லது என்றால் 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றே ஒன்றைக் கழித்த மெர்சென் பகா எண்தான் முதல் தேர்வாக இருக்க வேண்டும். பிரச்சினை, அவை மிகவும் அரிது. 2¹²⁷ − 1 பகா எண்; அதற்கடுத்தது 2⁵²¹ − 1. முன்னது பாதுகாப்புக்குப் போதாத அளவு சிறியது. பின்னது தேவைக்கு இரண்டு மடங்கு பெரியது, அதனால் மெதுவானது. நடுவில் ஒன்றுகூட இல்லை. எனவே 2²⁵⁶ சுற்றுவட்டாரத்தில், கழிக்கும் எண் சிறியதாக இருக்கும்படி தேட வேண்டியதாகிறது. 2²⁵⁶-க்குக் கீழே கிட்டத்தில் இருக்கும் பகா எண் 2²⁵⁶ − 189. 189 பெரியது. 2²⁵⁵-க்குக் கீழே முதலில் வருவது 19. 2²⁵⁵ − 31, 2²⁵⁵ + 95, 2²⁵⁴ + 79, 2²⁵³ + 51, 2²⁵³ + 39 ஆகியவையும் பகா எண்கள்தாம். இவற்றையும் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே சிறியது என்று 19-ஐ எடுத்தார் பெர்ன்ஸ்டைன்.

19-க்கு முன்னால் எதுவும் இல்லை என்பதைக் கணினியை நம்பாமல் காகிதத்திலேயே காட்ட முடியும். இந்த எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் நிதானமாகவே பார்ப்போம். இரட்டை எண்ணைக் கழித்தால் விடை இரட்டை. அது பகா எண் ஆகாது. மிச்சம் 1, 3, 5, 7, 9, 11, 13, 15, 17 என்று ஒன்பது பேர்.

2-இன் அடுக்குகளை 3-ஆல் வகுத்தால் மீதி 2, 1, 2, 1 என்று மாறி மாறி வரும். 255 ஒற்றைப்படை, ஆகவே 2²⁵⁵-இன் மீதி 2. அதிலிருந்து 5, 11, 17 ஆகியவற்றில் எதைக் கழித்தாலும் 3-ஆல் வகுபடும். மூன்று போயிற்று. 5-ஆல் வகுத்தால் மீதி நான்கு அடுக்குக்கு ஒருமுறை சுற்றி வரும்; 255-ஐ 4-ஆல் வகுத்த மீதி 3, 2³ = 8, அதன் மீதி 3. ஆகவே 3-ஐயோ 13-ஐயோ கழித்தால் 5-ஆல் வகுபடும். 7-க்கு மூன்று அடுக்குக்கு ஒரு சுற்று; 255 மூன்றால் சரியாக வகுபடுவதால் மீதி 1. எனவே 1-ம் 15-ம் வெளியே. 17-க்கு எட்டு அடுக்குக்கு ஒரு சுற்று; 255-ஐ 8-ஆல் வகுத்த மீதி 7, 2⁷ = 128, அதை 17-ஆல் வகுத்தால் மீதி 9. ஆகவே 2²⁵⁵ − 9-ம் போயிற்று.

எட்டுப் பேர் இரண்டு நிமிடத்தில் வெளியேறிவிட்டார்கள். 7 மட்டும் அசைய மறுக்கிறது. 11, 13, 19, 23 என்று வரிசையாகப் போட்டுப் பாருங்கள்; 13-இல் மீதி 1, 19-இலும் 1, 29, 37, 43, 73 ஆகியவற்றிலும் 1. ஒவ்வொரு முறையும் மிக அருகில் வந்து நழுவுகிறது. 100-க்குக் கீழே உள்ள 25 பகா எண்களில் ஒன்றுகூட 2²⁵⁵ − 7-ஐ வகுக்காது. 101, 103 இரண்டும் வகுக்காது. 107-இல்தான் சிக்குகிறது. 2-இன் 106-ஆம் அடுக்கு 107-இல் மீதி 1 தரும் என்பது பெர்மாவின் சிறு தேற்றம். 255-இலிருந்து 212-ஐக் கழித்தால் 43. ஆகவே 2⁴³-இன் மீதி தெரிந்தால் போதும். 2⁷ = 128, மீதி 21. 2¹⁴-க்கு 21 × 21 = 441, மீதி 13. 2²⁸-க்கு 169, மீதி 62. 2⁴²-க்கு 62 × 13 = 806, மீதி 57. 2⁴³-க்கு 114, மீதி 7. ஏழைக் கழித்தால் பூஜ்யம். ஒன்பது பேரும் முடிந்தார்கள். 3, 5, 7, 17, 107 ஆகிய ஐந்து சிறிய எண்களே 77 இலக்க எண்கள் ஒன்பதையும் தள்ளிவிட்டு 19-க்கு வழிவிட்டிருக்கின்றன.

19 கிடைத்தது ஓரளவு அதிர்ஷ்டம்தான். இந்த அளவுள்ள எண்களில் ஒரு பகா எண்ணுக்கும் அடுத்ததற்கும் சராசரி இடைவெளி சுமார் 177. அந்தக் கணக்குப்படி 189 என்பது சாதாரணம்; 19 என்பது நல்ல யோகம்.

பத்தொன்பதால் பெருக்கிக் கீழே இறக்குவது

இந்த யோகத்தால் என்ன லாபம்? வளைவின் மேல் நடக்கும் ஒவ்வொரு கணக்கும் கடைசியில் "பெருக்கு, ப-வால் வகுத்து மீதியை எடு" என்பதில் போய் நிற்கிறது. ஒரு சாவிப் பரிமாற்றத்துக்கு இது ஆயிரக்கணக்கான முறை நடக்கும். பெருக்கலைவிட வகுத்தல் கணினிக்கு மிகவும் செலவு. வகுக்காமலே மீதி எடுக்க முடிந்தால்?

சிறிய எண்ணில் பார்ப்போம். 97-ஆல் வகுத்த மீதி வேண்டும். 97 என்பது 100-க்கு மூன்று குறைவு, ஆகவே ஒவ்வொரு நூறும் மூன்றுக்குச் சமம். 4812-இல் 48 நூறுகள்: 48 × 3 = 144, மிச்சமிருக்கும் 12-ஐக் கூட்டினால் 156. அதில் ஒரு நூறு: 3 + 56 = 59. முடிந்தது, வகுத்தலே இல்லை. அதே வித்தைதான் ப-விலும். 2²⁵⁵ என்பது 19-க்குச் சமம். இரண்டு எண்களைப் பெருக்கி வந்த 510 பிட் விடையில், 255-வது பிட்டுக்கு மேலே இருப்பதை அப்படியே வெட்டி 19-ஆல் பெருக்கிக் கீழ்ப்பாதியோடு கூட்டிவிட வேண்டியதுதான்.

64 பிட் கணினியில் இதற்கு எண்ணை 51 பிட் துண்டுகள் ஐந்தாக வைப்பது வழக்கம். ஐந்து ஐம்பத்தொன்று 255, மிகச் சரியாகப் பொருந்துகிறது. ஐந்துக்கு ஐந்து, 25 பெருக்கல்கள். விடையின் மிகக் கீழ்த் துண்டுக்கு வருவன: முதல் எண்ணின் 0-ஆம் துண்டும் இரண்டாம் எண்ணின் 0-ஆம் துண்டும் பெருகியது, அதோடு 1-ம் 4-ம், 2-ம் 3-ம், 3-ம் 2-ம், 4-ம் 1-ம் பெருகியவற்றின் கூட்டுத்தொகையைப் பத்தொன்பதால் பெருக்கியது. மொத்தத்தில் 1 + 4 × 19 = 77 பெருக்கற்பலன்களுக்கு நிகர். ஒவ்வொரு துண்டும் 51 பிட்டைத் தாண்டி 54 பிட் வரை வீங்கியிருந்தாலும் கூட்டுத்தொகை 2¹¹⁵-க்குள் அடங்கும். 128 பிட் பெருக்கல் விடையில் இன்னும் 13 பிட் காலியாகவே கிடக்கும். இந்தக் காலியிடத்துக்கு நல்ல பயன் உண்டு. இரண்டு கூட்டல்களைத் தொடர்ந்து செய்யும்போது நடுவில் கேரியை (நிரம்பி வழிந்து அடுத்த துண்டுக்குப் போக வேண்டிய மிகுதியை) சரிசெய்யாமல் அப்படியே பெருக்கலுக்குக் கொண்டு போகலாம்.

32 பிட் செயலிகளில்தான் 19-இன் அருமை முழுதாகத் தெரியும். அங்கே பத்துத் துண்டுகள். 255-ஐப் பத்தால் வகுத்தால் 25.5 என்பதால் 26, 25, 26, 25 என்று மாறி மாறி வைக்கிறார்கள். 26 பிட் துண்டை 19-ஆல் பெருக்கினால் விடை 31 பிட்டுக்குள் நின்றுவிடும், ஏனென்றால் 19 என்பது 32-க்குக் குறைவு. ஒரே சொல்லில் (செயலி ஒரே தடவையில் கையாளும் 32 பிட் அளவில்) வைத்துக்கொண்டு அடுத்த பெருக்கலுக்குப் போகலாம். 19-க்குப் பதில் 189 இருந்திருந்தால் 34 பிட் வரை போய் 32 பிட் சொல்லை விட்டு வழிந்திருக்கும். உள் சுழற்சி முழுவதையும் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். ஒற்றைப்படைத் துண்டு இரண்டைப் பெருக்கும்போது அரை பிட் இரண்டு முறை சேர்வதால் கூடுதலாக ஒரு 2 வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. புதிதாக எழுதுகிறவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் அது.

ஒப்பீட்டுக்குப் பி-256 என்ற இன்னொரு பிரபல வளைவின் எண்ணைப் பாருங்கள்: 2²⁵⁶ − 2²²⁴ + 2¹⁹² + 2⁹⁶ − 1. இதுவும் வடிவுள்ள எண்தான். ஆனால் மீதி எடுக்க, மேல்பாதியின் 32 பிட் துண்டுகளை விதவிதமாக வரிசை மாற்றிக் கூட்டியும் கழித்தும் வர வேண்டும். 64 பிட் செயலியில் அது சுகமாக உட்காராது.

எங்கே உடையும்

வடிவம் தரும் வேகத்துக்கு ஒரு விலை உண்டு. பிழைகள் மிக மிக அரிதான ஓரங்களில் போய் ஒளிந்துகொள்கின்றன. ஐந்து துண்டுக்குப் பதில் 64 பிட் சொற்கள் நான்காக எண்ணை வைத்துக்கொள்வதாகக் கொள்வோம். மொத்தம் 256 பிட். 2²⁵⁶ என்பது 38-க்குச் சமம். பெருக்கி வந்த எட்டுச் சொற்களில் மேல் நான்கை 38-ஆல் பெருக்கிக் கீழ் நான்கோடு கூட்டுகிறோம். ஐந்தாவதாக ஒரு சொல் மிஞ்சும்; அதன் மதிப்பு 38-ஐத் தாண்டாது. அதையும் 38-ஆல் பெருக்கிக் கீழ்ச்சொல்லில் கூட்டுகிறோம். கூட்டுவது அதிகபட்சம் 1444. இந்த 1444-ஆல் கீழ்ச்சொல் நிரம்பி வழிந்து கேரி கிளம்புவதற்கான வாய்ப்பு 2⁵³-இல் ஒன்றைவிடக் குறைவு. அந்தக் கேரி நான்கு சொற்களையும் கடந்து மேலே வெளியே வருவது எந்தச் சோதனையிலும் தானாக நடக்கவே போவதில்லை. நடந்தால் மீண்டும் ஒரு 38-ஐக் கீழே கூட்ட வேண்டும். அந்த ஒரு வரியை விட்டுவிட்ட நிரல், சீரற்ற எண்களைக் கொடுத்து கோடி முறை சோதித்தாலும் நூற்றுக்கு நூறு வாங்கும். தவறான விடை வரும்படி உள்ளீட்டைத் திட்டமிட்டு அனுப்பத் தெரிந்தவர் கையில்தான் அது உடையும்.

இது கற்பனை ஆபத்து இல்லை. இதே ப-வின் மேல் இயங்கும் எட்25519 என்ற மின்கையொப்ப முறைக்காக எழுதப்பட்ட வேகமான அசெம்பிளி நிரல் ஒன்றில், ஒரு கேரி அடுத்த சொல்லில் சேர்வதற்குப் பதில் முந்தைய சொல்லில் கூட்டப்பட்டிருந்தது. ஒரே ஓர் எழுத்துப் பிழை போல. சீரற்ற சோதனையில் சிக்காத அந்தப் பிழையை நிரலை வரி வரியாகப் படித்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். இந்தத் துறை அதற்குப் பிறகு சரியான திசையில் நகர்ந்தது என்பேன்: எம்ஐடியில் உருவான ஃபியட்-கிரிப்டோ போன்ற கருவிகள் இந்தத் துண்டுக் கணக்கை எழுதும்போதே அதன் சரித்தன்மைக்கான நிரூபணத்தையும் சேர்த்து உருவாக்குகின்றன. அதெல்லாம் இல்லாமல் கையால் எழுதுகிறவர்கள் குறைந்தபட்சம் 0, 1, ப − 1, ப, ப + 1, 2²⁵⁵ − 1, 2²⁵⁶ − 38 (இது 2ப), 2²⁵⁶ − 1 ஆகியவற்றையும், எல்லா பிட்டும் 1-ஆக இருக்கும் சொற்கள் கலந்த எண்களையும் கட்டாயம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஓரம், இரட்டைப் பிறவிகள். 255 பிட்டில் எழுதக்கூடிய எண்களில் ப முதல் 2²⁵⁵ − 1 வரை 19 எண்கள் மிஞ்சுகின்றன. இவை 0 முதல் 18 வரையுள்ள எண்களின் மறு உருவங்கள். கணக்கில் ஒன்று, பைட்டில் வேறு. வேகத்துக்காக நடுவில் எண்ணை முழுதாகச் சுருக்காமல் வைத்திருக்கிறோம், எனவே வெளியே அனுப்பும் முன் ஒருமுறை முழுச் சுருக்கம் செய்தே ஆக வேண்டும். செய்யும் வழி அழகானது: எண்ணோடு 19-ஐக் கூட்டிப் பாருங்கள், 255-ஆம் இடத்து பிட் 1 ஆனால் எண் ப-வுக்குச் சமம் அல்லது அதைவிடப் பெரியது, கூட்டியதன் கீழ் 255 பிட்டே விடை. பிட் 0 என்றால் பழைய எண்ணே விடை. இதை 'இப்படியானால் அப்படிச் செய்' என்று கிளை பிரித்து எழுதக் கூடாது. கிளைக்குக் கிளை நேரம் மாறும். நேரத்தை அளப்பவருக்கு இரகசியத்தின் ஒரு துளி கசியும். அந்த பிட்டை 19-ஆல் பெருக்கிக் கூட்டி, 255 பிட்டுக்கு மேல் உள்ளதை வெட்டிவிட்டால் இரண்டு நிலைக்கும் ஒரே பாதை. இந்தச் சுருக்கத்தை மறந்த நிரலில், சமமான இரண்டு எண்கள் சமமில்லை என்று விடை வரும்.

உள்ளே வரும் எண்களுக்கும் இதே சிக்கல். சாவிப் பரிமாற்றத்துக்கான 2016-ஆம் ஆண்டு இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 7748, இந்த 19 மறு உருவங்களையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது. கையொப்பத்துக்கான 2017-ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 8032 நிராகரிக்கச் சொல்கிறது. நடைமுறையில் எல்லா நூலகங்களும் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஒரே கையொப்பத்தை ஒன்று செல்லும் என்றும் மற்றொன்று செல்லாது என்றும் சொன்னால், தனி அரட்டையில் பெரிய பாதிப்பு இல்லை. எல்லாக் கணினிகளும் ஒரே முடிவுக்கு வர வேண்டிய பிளாக்செயின் போன்ற இடங்களில் பெரிய பாதிப்பு.

மீதி 5

ப-வை 8-ஆல் வகுத்தால் மீதி 5. (2²⁵⁵ எட்டால் வகுபடும், −19-உடன் 24-ஐக் கூட்டினால் 5.) இந்த ஒரு செய்தியில் இரண்டு விளைவுகள் அடங்கியிருக்கின்றன.

முதலாவது வர்க்கமூலம். பொதுச் சாவியைச் சுருக்கி 32 பைட்டில் அனுப்பும்போது புள்ளியின் ஓர் ஆயத்தை மட்டும் அனுப்பி, மற்றதைப் பெறுபவரே வர்க்கமூலம் எடுத்துக் கண்டுபிடிக்கிறார். (எண்ணுக்கு 255 பிட் போதும், 32 பைட்டில் 256 உண்டு, மிஞ்சிய ஒரு பிட் இரண்டு மூலங்களில் எது என்று சொல்லப் பயன்படுகிறது. 2²⁵⁶-க்கு ஒரு படி கீழே இறங்கியதில் கிடைத்த கொசுறு.) பகா எண் 4-ஆல் வகுத்து 3 மீதி தருவதாக இருந்தால் வர்க்கமூலம் ஒரே அடுக்கேற்றத்தில் வந்துவிடும், பி-256 அப்படிப்பட்டது. ப அப்படி இல்லை, ஆனால் அடுத்தபடி எளிமையான வகை. எண்ணை (ப + 3)/8 என்ற அடுக்குக்கு, அதாவது 2²⁵² − 2 என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள். விடையை வர்க்கப்படுத்தினால் அசல் எண் வந்தால் முடிந்தது. அசலின் எதிர்மறை வந்தால், விடையை 2-இன் 2²⁵³ − 5-ஆம் அடுக்கால் பெருக்குங்கள். அந்த எண் −1-இன் வர்க்கமூலம். இரண்டும் இல்லையென்றால் அந்த எண்ணுக்கு வர்க்கமூலமே கிடையாது, சாவி போலி என்று நிராகரிக்கலாம். இந்த நடுப்படியை விட்டுவிட்டால், செல்லுபடியாகும் சாவிகளில் ஏறத்தாழ பாதி செல்லாது என்று வரும். அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும் என்பது ஓர் ஆறுதல்.

இரண்டாவது, −1-க்கு ப-வின் உலகத்தில் வர்க்கமூலம் இருப்பதே ஒரு வரம். எட்25519 பயன்படுத்தும் முறுக்கிய எட்வர்ட்ஸ் வளைவில் ஒரு குணகம் −1. −1 வர்க்கமாகவும், −121665/121666 என்ற மற்றொரு குணகம் வர்க்கமில்லாமலும் இருப்பதால், புள்ளிகளைக் கூட்டும் சூத்திரம் விதிவிலக்கே இல்லாதது. ஒரே புள்ளியைத் தன்னோடு கூட்டினாலும், எதிர்ப் புள்ளியோடு கூட்டினாலும், பூஜ்யப் புள்ளியோடு கூட்டினாலும் அதே சூத்திரம். கீழ்ப்பகுதி ஒருபோதும் பூஜ்யம் ஆகாது. பழைய வகை வளைவுகளில் இந்த விதிவிலக்குகளுக்குத் தனித்தனிக் கிளைகள் எழுத வேண்டும், அவற்றில் ஒன்றை மறந்தால் அதுவே ஓட்டை. வர்க்கமூலத்தில் கொஞ்சம் கூடுதல் வேலை கொடுத்த அதே மீதி இங்கே ஒரு பெரிய தலைவலியையே இல்லாமல் ஆக்கியிருக்கிறது. எனக்கு இது லாபமான பேரமாகவே படுகிறது.

நேர்மாறு எடுப்பதிலும் (ப-வின் உலகத்தில் வகுத்தலுக்கு ஈடான வேலை அது) வடிவம் உதவுகிறது. அதற்கு எண்ணை உயர்த்த வேண்டிய ப − 2 = 2²⁵⁵ − 21 என்ற அடுக்கு, இரும எண்ணாக எழுதினால், கிட்டத்தட்ட முழுக்க 1-களால் ஆனது; சரியான வரிசையில் செய்தால் 254 வர்க்கங்களும் 11 பெருக்கல்களும் போதும். ப + 1 இன்னும் விசித்திரம்: 2²⁵⁵ − 18 = 2 × (2¹²⁷ − 3) × (2¹²⁷ + 3). பள்ளிக்கூடத்து வர்க்க வித்தியாசச் சூத்திரமே அதைப் பிளந்துவிடுகிறது. இதனால் மறையாக்கத்துக்கு நன்மையும் இல்லை தீமையும் இல்லை. ஆனாலும் ஒன்று விலகிய எண் இவ்வளவு சுலபமாக உடைய, ப மட்டும் உடையாமல் நிற்பதைப் பார்க்கச் சலிப்பதில்லை.

இத்தனை வடிவு ஆபத்தாக முடியாதா என்ற கேள்வி நியாயமானது. இரண்டு பகா எண்களின் பெருக்கற்பலனை நம்பும் ஆர்எஸ்ஏ முறையில் இப்படி ஒரு பகா எண்ணை எடுத்தால் கதை முடிந்தது. அங்கே பகா எண்ணே இரகசியம், ஊகிக்கக்கூடிய வடிவில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். வளைவு இல்லாத பழைய டிஃபி-ஹெல்மன் சாவிப் பரிமாற்ற முறையிலும் இத்தகைய சிறப்பு வடிவம் தாக்குபவருக்கு உதவும். நீள்வட்ட வளைவின் மேல் மட்டும் ப-வின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும் வழி எதுவும் இதுவரை தெரியாது. ஒரே குணம் ஓர் இடத்தில் விஷம், இன்னோர் இடத்தில் மருந்து.

பகா எண்தான் என்று எப்படித் தெரியும்

கணினியில் 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கை ப-வால் வகுத்த மீதி கேட்டால் கண் இமைக்கும் நேரத்தில் 1 என்று வரும். பைத்தானில் ஒரே வரி. ஆனால் அது நிரூபணம் ஆகாது. 341 = 11 × 31; இருந்தும் 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்த மீதி 1. கோடிக்கணக்கானோர் தலையெழுத்தாகிவிட்ட ஓர் எண்ணுக்கு "அநேகமாகப் பகா எண்" என்ற சான்றிதழ் போதாது.

முழு நிரூபணத்துக்கு ப − 1-ஐப் பிரிக்க வேண்டும். அது 2 × 2 × 3 × 65147 × 74058212732561358302231226437062788676166966415465897661863160754340907. கடைசியில் நிற்கும் 71 இலக்கப் பகா எண்ணை 'க' என்போம். அது ப-வின் வர்க்கமூலத்தைவிட மிகப் பெரியது. மற்றவற்றின் பெருக்கற்பலன் 781764 மட்டுமே. இப்போது இரண்டு சோதனைகள்: 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கு மீதி 1 தர வேண்டும், 2-இன் 781764-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தது ப-வோடு எந்தப் பொதுக் காரணியும் கொள்ளக் கூடாது. இரண்டும் சரியாக வருகின்றன. ஒருவேளை ப பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்துக்கு மிகாத ஒரு பகாக் காரணி இருக்க வேண்டும். அந்தக் காரணியின் உலகத்தில் 2-இன் அடுக்குகள் எத்தனை படிக்கு ஒருமுறை சுற்றி 1-க்கு வருகின்றன என்று பார்த்தால், அந்தச் சுற்றின் நீளம் ப − 1-ஐ வகுக்கும், 781764-ஐ வகுக்காது; ஆகவே க என்ற எண் அந்தச் சுற்றை வகுத்தே தீர வேண்டும். சுற்றின் நீளமோ காரணியைவிடச் சிறியது. அப்படியானால் காரணி க-வைவிடப் பெரியது, அதாவது ப-வின் வர்க்கமூலத்தைவிடப் பெரியது. முரண்பாடு. பாக்லிங்டன் 1914-இல் காட்டிய வழி இது.

மிச்சம் ஒரு கடன் இருக்கிறது: க பகா எண் என்று காட்ட வேண்டும். அதே வழியில் ஒரு படி கீழே இறங்குகிறோம். க − 1 எட்டுப் பகாக் காரணிகளாகப் பிரிகிறது: 2, 3, 353, 57467, 132049, 1923133, 31757755568855353, பிறகு 35 இலக்கங்கள் கொண்ட 75445702479781427272750846543864801. இந்த 35 இலக்க எண் தனியாக க-வின் வர்க்கமூலத்தை எட்டாது. மூன்று மடங்குக்கு மேல் குறைகிறது. 2-ஐயும் 3-ஐயும் சேர்த்து ஆறு மடங்காக்கினால் தாண்டிவிடும். அப்போது இந்த மூன்று காரணிகளுக்கும் தனித்தனியாக அந்தப் பொதுக் காரணிச் சோதனையைச் செய்தாக வேண்டும். அதன் பிறகு 35 இலக்க எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துப் பிரிக்கலாம். இப்படி இறங்கிக்கொண்டே போனால், பேனாவும் காகிதமும் போதுமான எண்களில் வந்து நிற்கும்.